திருத்துவதா, தூக்கி எறிவதா?

ஏழாண்டுகளாக என்னோடு உழைத்த அச்சுப்பொறி கடந்த மாதம் திடீரென வேலைநிறுத்தம் செய்தது. அச்சிடவும் நகலெடுக்கவும் ஸ்கேன் செய்யவும் வல்ல இயந்திரம் அது. கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு நிரம்பிவிட்டதாம். அச்சிட மறுத்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், என் பழைய பத்திரிகை நறுக்குகளை ஸ்கேன் செய்யவும் அது மறுத்துவிட்டது. ஸ்கேன் செய்வதற்கு ஒரு துளி மையும் தேவையில்லை என்பதை யாரிடம் போய் முறையிடுவது?

வாங்கிய கடைக்கே கொண்டு சென்றேன். அங்கிருந்த இளைஞர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஐயா, இதைத் திருத்துறதிலும் பார்க்கப் புதுசு எடுக்கிறது நல்லம்" என்றார். புதியதன் விலை 60,000 ரூபாவுக்கு மேல்.

மையைத் தெளித்து அச்சிடும் இயந்திரங்கள், அச்சுத் தலையைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு மையை வெளியேற்றுகின்றன. அடியிலுள்ள பஞ்சு அதனை உறிஞ்சிக்கொள்கிறது. பஞ்சு எவ்வளவு நனைந்துள்ளது என்பதைப் பெரும்பாலான இயந்திரங்கள் பார்ப்பதில்லை. கணக்கு மட்டுமே வைக்கின்றன. கணக்கு நிறைந்ததும் கதவடைப்புத்தான். பஞ்சை மாற்றி, கணக்கைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் போதும். ஒரு சிறிய திருத்தகத்தில் 4,500 ரூபாவுடன் காரியம் முடிந்தது.

எதையும் திருத்தியே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவனல்லன் நான். பஞ்சோ தாளை இழுக்கும் ரப்பர் உருளையோ பழுதானால் திருத்துவதே அறிவு. அச்சுத் தலையோ பிரதான மின்சுற்றுப் பலகையோ பழுதாகி, திருத்தும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டுமாயின் புதியதை வாங்கலாம். அப்போதும், மாதத்துக்கு ஓரிரு பக்கங்களே அச்சிடுபவர்கள் லேசர் இயந்திரத்தை நாடுவது நல்லது. அதன் தூள் மை காய்ந்து அடைத்துக்கொள்வதில்லை.

எது பழுது என்று பாராமலே எறியச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2022 இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 62 மில்லியன் தொன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது 22.3 வீதம் மட்டுமே என்றும் ஐ.நா. அறிக்கை கூறுகிறது. அதே ஆண்டு மார்ச்சில், காகிதம் இறக்குமதி செய்ய டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைப் பிற்போட்ட நாடு இது. அதற்கும் முன்னர், 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். கையில் இருப்பதைக்கொண்டு சமாளிப்பது அன்று நமக்குத் தெரிந்திருந்தது.

பழுது எதுவென்று கண்டறிந்து சொல்வது விற்றவரின் கடமை. அதைக் கேட்டறிந்த பின்னரே பணப்பையைத் திறப்பது நமது கடமை. என் அச்சுப்பொறி மீண்டும் இயங்குகிறது. இன்னும் இரண்டு பெட்டி நறுக்குகள் காத்திருக்கின்றன.