விலை உயர்ந்த காரே சிறந்த காரா?

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

பந்தயக் கார் என்றதும் கோடிக்கணக்கில் விலை பெறும் வெளிநாட்டு வண்டிகளே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. விலை கூடினால் தரமும் அதே அளவு கூடும் என்று பலரும் நம்புகின்றனர். இது சரிதானா? சற்றே சிந்திப்போம்.

1989-ஆம் ஆண்டு ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்.-5 என்னும் இருவர் அமரும் விளையாட்டுக் காரை, நடுத்தர வருவாயினரும் வாங்கும் விலையில் வெளியிட்டது. அதன் ஆற்றல் சுமார் 115 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 180 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2005-இல் வந்த புகாட்டி வேரான் காருக்கோ 1001 குதிரைத்திறன். வேகம் 400 கிலோமீட்டருக்கு மேல். விலை பத்து லட்சம் யூரோவுக்கும் அதிகம். ஆற்றல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. வேகமோ இரு மடங்குக்குச் சற்றே மிகுதி!

இதற்குக் காரணம் காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் எட்டு மடங்காகிறது. ஆகவே கடைசியாகக் கூடும் சிறிது வேகத்திற்கே பெரும் பணம் செலவாகிறது. காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி செல்லும் நம் சாலையில் அந்த வேகத்தால் யாருக்கு என்ன பயன்?

விலையுயர்ந்த கார்களால் நன்மையே இல்லை என்று நான் கூறவில்லை. 1953-இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் வட்டத்தகட்டு பிரேக்குகளுடன் வென்றது. அந்த பிரேக்குகள் இன்று சாதாரணக் கார்களிலும் உயிர் காக்கின்றன. ஆனால் திறமையை வளர்ப்பதற்கு மலிவான வண்டியே போதும்.

இதற்குச் சான்று நம் தமிழகத்திலேயே உண்டு. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைப் பொருத்தி எளிய பந்தயக் கார்களை உருவாக்கினார். அந்த ஃபார்முலா மாருதி பந்தயத்தில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?

இன்னொன்றும் கூற வேண்டும். வரி குறைவு என்பதற்காக வெளிமாநிலத்தார் பலர் தம் சொகுசுக் கார்களைப் பொய் முகவரி தந்து புதுச்சேரியில் பதிவு செய்ததாக 2017-இல் கேரளத்தில் வழக்குகள் எழுந்தன. கோடி ரூபாய்க்குக் கார் வாங்குபவர், அது ஓடும் சாலைக்குரிய வரியைத் தர மறுப்பது பெருமையா?

அன்புத் தோழியரே! சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா சிறுமியாக இருந்தபோது சிறிய கோ-கார்ட் வண்டியில் தொடங்கியே பந்தய வீராங்கனையானார். விலையுயர்ந்த கார் ஒன்றின் பணத்தில் இத்தகைய சிறு வண்டிகள் பல வாங்கலாம். நம்மைப் போன்ற பெண்கள் பலர் பயிலலாம். ஒரு காரின் மதிப்பை அதன் விலைச்சீட்டில் தேடாமல், அது எத்தனை பேருக்கு வாய்ப்பளிக்கிறது என்பதில் காண வேண்டும் என்பதே என் கருத்து.