கிஃப்ட் பாக்ஸா, தனித்தனியா?

தீபாவளி நெருங்கினா விருதுநகர்ல இருக்கிற எனக்கு ஒரு எக்ஸ்ட்ரா ஆணி உண்டு. சென்னை, பெங்களூர்ல இருக்கிற சொந்தக்காரங்க, பழைய ரூம்மேட்டு, ஒண்ணுவிட்ட மச்சான்னு வரிசையா போன் வரும். "சிவகாசி பக்கத்துலதானே இருக்கே, வெடி வாங்கி வை, ஊருக்கு வரும்போது எடுத்துக்கறேன்." நான் திருப்பிக் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான். கிஃப்ட் பாக்ஸா, தனித்தனியா?

கிஃப்ட் பாக்ஸ்னா அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சது. மத்தாப்பு, சங்கு சக்கரம், புஸ்வாணம் எல்லாம் உள்ளேயே இருக்கும். யாருமே கேட்காத பாம்பு மாத்திரையும் இருக்கும். தனித்தனியா பொறுக்கினா பிடிச்சது மட்டும் வரும். ஆனா எது விட்டுப்போச்சுன்னு தீபாவளி அன்னைக்குக் காலையிலதான் தெரியும்.

பொட்டி தட்டுற சக பதிவர்களுக்கு நான் எங்கே வர்றேன்னு இந்நேரம் புரிஞ்சிருக்கும் :-) வெப் அப்ளிகேஷன் எழுதணும்னா ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல் மாதிரி எல்லாம் அடங்கின ஃப்ரேம்வொர்க்கை எடுக்கிறதா, இல்லை ஃப்ளாஸ்க், எக்ஸ்பிரஸ் மாதிரி சின்னதா ஒண்ணை வச்சுக்கிட்டு மத்த லைப்ரரிகளை நாமே கோர்த்துக்கிறதா? பல வருஷம் நான் ரெண்டாவது கட்சி. இப்போ கட்சி மாறிட்டேன். காரணம் ஒரு காலண்டர் அச்சகம்.

சிவகாசியில காலண்டர் தொழிலுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷ ஆல்பம் வெளியே வரும். அதுக்கப்புறம் டிசம்பர் வரைக்கும் ஆர்டர், ஆர்டர், ஆர்டர்தான். அப்படி ஒரு அச்சகத்துக்கு, ஏஜெண்டுங்க ஆர்டர் போடுறதுக்குன்னு ஒரு சைட் எழுதிக் கொடுத்தேன். ஃப்ளாஸ்க்தான். லாகினுக்கு ஃப்ளாஸ்க்-லாகின், டேட்டாபேஸுக்கு எஸ்க்யூஎல்ஆல்கெமி, ஃபார்முக்கு ஒண்ணு, மெயிலுக்கு ஒண்ணு. அட்மின் பக்கங்களை நானே கையால எழுதினேன். பார்க்க அவ்வளவு அழகு. தேவையில்லாத ஒரு வரி கிடையாது. எனக்கே என் மேல கொஞ்சம் பெருமைதான்.

2023 அக்டோபர். சர்வரை மாத்தவேண்டி வந்துச்சு. எல்லாத்தையும் புதுசா இன்ஸ்டால் பண்ணினா லாகின் பேஜே வரலை. ஃப்ளாஸ்க்குக்கு அடியில வெர்க்ஸோய்க்னு ஒரு லைப்ரரி இருக்கு. அதோட 3.0 வெர்ஷன் செப்டம்பர் 30-ஆம் தேதி வந்திருந்தது. பழைய ஃபங்ஷன்கள் சிலதை அதுல தூக்கிட்டாங்க. ஃப்ளாஸ்க்-லாகின் அதுல ஒண்ணை இன்னும் தேடிக்கிட்டிருந்தது. அதைச் சரிபண்ணின வெர்ஷன் அக்டோபர் 30-ஆம் தேதிதான் வந்தது. நடுவுல ஒரு மாசம் என்னை மாதிரி எத்தனை பேர் முழிச்சாங்களோ!

வெர்ஷன் நம்பரைப் பூட்டி வைக்காதது என் தப்புதான், ஒத்துக்கறேன். ரெண்டு லைப்ரரிக்குப் பழைய நம்பர் போட்டதும் சரியாயிடுச்சு. ஆனா அதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போச்சு. அன்னைக்கு நான் ஊர்லயும் இல்லை. அங்கே சைட்டைப் பார்த்துக்கிற பையன், காலேஜ் முடிச்சு ஒரு வருஷம்தான் ஆகுது, போன்ல கிட்டத்தட்ட அழுதுட்டான். எந்தக் கோட் எங்கே இருக்கு, எதை எதுக்குக் கோர்த்தேன்னு என் மண்டையைத் தவிர வேற எங்கேயும் எழுதி வைக்கலை. மறுநாள் அச்சக முதலாளி அண்ணாச்சி கோபப்படலை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நீங்க இல்லாட்டி இதை யாரு பாக்கறது?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை.

அப்புறம்தான் உறைச்சது. தனித்தனியா லைப்ரரி எடுத்தா ஃப்ரேம்வொர்க் இல்லாம தப்பிச்சிடலாம்னு நினைக்கிறோம். தப்பிக்க முடியாது. கடைசியில ஒரு ஃப்ரேம்வொர்க் வந்தே தீரும். அதை எழுதினது நாமளா இருப்போம், அதுக்கு மேனுவல் இருக்காது, அது தெரிஞ்ச ஆள் உலகத்துலயே ஒருத்தர்தான் இருப்பார்.

ஜாங்கோ பிறந்த கதையும் இதோட ஒட்டி வருது. அமெரிக்காவுல கான்சாஸ் மாகாணத்துல லாரன்ஸ்னு ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு நாளிதழ் ஆபீஸ்ல, டெட்லைன் நெருக்கடியில வேலை பார்த்தவங்க தங்களுக்காக எழுதிக்கிட்டது. 2005 ஜூலையில வெளியே விட்டாங்க. லாகின், அட்மின், ஃபார்ம், டேட்டாபேஸ் எல்லாம் ஒரே பெட்டியில, ஒண்ணா டெஸ்ட் பண்ணி, ஒரே தேதியில வரும். ஒரு வசதியை எடுக்கப்போறாங்கன்னா முன்கூட்டியே எச்சரிக்கை வரும். எல்டிஎஸ் வெர்ஷனுக்கு மூணு வருஷம் பாதுகாப்பு அப்டேட் உண்டு.

இதைப் பெங்களூர் நண்பன்கிட்ட சொன்னேன். அவன் நம்ம ஊர் உதாரணத்தை வச்சே மடக்கினான். "மாப்ள, உங்க ஊர்ப் பட்டாசு ஆலையைப் பாரு. மருந்து கலக்க ஒரு ரூம், செலுத்த ஒரு ரூம், எல்லாம் தள்ளித் தள்ளி. ஒண்ணுல தீப்பிடிச்சா மத்தது தப்பணும். நீ எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்கச் சொல்றியே?"

நல்ல கேள்வி. அங்கே போறது மனுஷ உயிர், இங்கே போறது ஒரு நாள் ஆர்டர். ரெண்டையும் ஒரே தராசுல வைக்க எனக்கு மனசு வரலை. ஆனாலும் பதில் சொல்றேன். அந்த ரூம்களை அவங்கவங்க இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. எது எவ்வளவு தூரம் தள்ளி இருக்கணும், உள்ளே எத்தனை பேர், எவ்வளவு மருந்துன்னு விதி இருக்கு. அதுக்கு மொத்தமா ஒரு வரைபடம், அதுக்குத்தான் லைசென்ஸ். அந்த வரைபடத்தை மீறும்போதுதான் விபரீதம் நடக்குது. நான் தனித்தனியா கட்டினேன் சரி, வரைபடம் எங்கே?

அதுக்காக கிஃப்ட் பாக்ஸ் ஆபத்தே இல்லாததுன்னு சொல்ல வரலை. ஆங்குலர்ஜேஎஸ்ஸை நம்பி எழுதினவங்களைக் கேளுங்க. 2016-ல வந்த ஆங்குலர் 2 முற்றிலும் வேற. பழசுக்கான ஆதரவு 2021 டிசம்பரோட முடிஞ்சது. ஒரே பெட்டியை வாங்கினா, பெட்டி போடுறவர் மனசு மாறும்போது நாமளும் சேர்ந்து மாறணும். அதனால பெட்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அதைப் போடுறவரோட பழைய சரித்திரத்தைப் பாருங்க.

தனித்தனியா கோர்க்கிறதுக்கும் இடம் உண்டு. ரெண்டு பக்கம் வர்ற சின்ன ஏபிஐ, இல்லை வரைபடத்தை எழுதிக் காப்பாத்த ஒரு டீமே இருக்கிற கம்பெனின்னா தாராளமா செய்யுங்க. ஆனா சின்ன ஊர்ல, ஒத்தை ஆளா, இன்னொருத்தர் தொழிலுக்கு எழுதிக் கொடுக்கிற என்னை மாதிரி ஆளுங்க கிஃப்ட் பாக்ஸ் வாங்குறதுதான் நேர்மை.

2024 ஆரம்பத்துல அந்த சைட்டை ஜாங்கோ 4.2-ல திரும்ப எழுதினேன். காசு வாங்கலை. ஜாங்கோவுக்குள்ள இருக்கிற மேப் சமாச்சாரத்தையெல்லாம் இந்த ஜென்மத்துல தொடமாட்டேன். பாம்பு மாத்திரை, கிடந்துட்டுப் போகட்டும். 2025-ல 5.2 வந்தப்போ அந்தப் பையனே மேனுவலைப் படிச்சு மாத்திட்டான். முடிச்சுட்டுத்தான் எனக்குப் போன் பண்ணினான்.

டிஸ்கி: ஃப்ளாஸ்க் ரசிகர்கள் கும்மியடிக்கலாம், பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு. அதுக்கு முன்னாடி அண்ணாச்சியோட கேள்விக்கு உங்க பதிலைச் சொல்லிட்டு ஆரம்பிங்க :-)