மின்னஞ்சல் புழு: பொறுப்பு யாருடையது?

ஓர் அலுவலகத்தின் கணினிகளுக்குள் மின்னஞ்சல் வழியே தீங்கு நிரல் புகுந்துவிட்டால், விசாரணை பெரும்பாலும் இணைப்பைத் திறந்தவர் யார் என்ற கேள்வியில் தொடங்கி, அவர் பெயர் கிடைத்தவுடன் முடிந்துவிடுகிறது. தெரியாதவர்கள் அனுப்பும் இணைப்புகளைத் திறக்கக் கூடாது என்ற பழைய சுற்றறிக்கை புதிய தேதியிட்டு மீண்டும் அனுப்பப்படுகிறது. இந்த அணுகுமுறை நியாயமற்றது. அதைவிட முக்கியமாக, பயனற்றது. மின்னஞ்சல் புழு பெரும்பாலும் தெரியாதவரிடமிருந்து வருவதில்லை. கூட வேலை செய்பவர், வாடிக்கையாளர், மேலதிகாரி என்று நன்கு அறிந்தவர்களின் பெயரிலேயே வந்து சேர்கிறது.

வைரஸ் என்பது வேறொரு நிரலிலோ ஆவணத்திலோ ஒட்டிக்கொண்டு, அது திறக்கப்படும்போது தானும் இயங்குவது. புழு என்பது தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு வலையமைப்பின் வழியே அடுத்த கணினிக்குச் செல்வது. 1988 நவம்பரில் அமெரிக்க மாணவர் ராபர்ட் மோரிஸ் இணையத்தில் விட்ட புழு, அஞ்சலைக் கையாளும் 'சென்ட்மெயில்' மென்பொருளில் இருந்த ஓட்டை உள்ளிட்ட சில வழிகளில், எவரும் எதையும் சொடுக்காமலேயே பரவியது. அதற்குப் பின் வந்த மின்னஞ்சல் புழுக்கள் பலவற்றுக்கு முதல் அடி எடுத்துவைக்க மட்டும் ஒரு மனிதரின் கை வேண்டியிருந்தது. அதன்பின் அந்தக் கணினியில் உள்ள முகவரிப் புத்தகத்தைப் படித்து, அவரது பெயரிலேயே தன் படிகளை அனுப்பும் வேலையைப் புழுவே பார்த்துக்கொண்டது.

2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழு, பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் தெளிவான சான்று. மடலின் தலைப்பே 'ஐ லவ் யூ'. உள்ளே, இணைத்திருக்கும் காதல் கடிதத்தைப் பார்க்குமாறு ஒரே ஒரு வரி. இணைப்பின் பெயர் 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்'. கோப்புப் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளே அது எவ்வகைக் கோப்பு என்பதைச் சொல்பவை. அவற்றைக் கோப்பு நீட்சி என்பர். டிஎக்ஸ்டி என்றால் படிக்க மட்டுமே உதவும் வெற்று உரை. விபிஎஸ் என்றால் விஷுவல் பேசிக் வகை மொழியில் எழுதப்பட்டு, சொடுக்கிய மறுகணமே இயங்கத் தொடங்கும் கட்டளைத் தொகுப்பு. விண்டோஸ் தனக்குத் தெரிந்த நீட்சிகளை மறைத்துக் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்ததால், பல கணினிகளில் கடைசி மூன்றெழுத்து கண்ணில் படாமல் போய், டிஎக்ஸ்டி என்பதோடு பெயர் முடிந்ததுபோலத் தோன்றியது. விபிஎஸ் கோப்புக்கு விண்டோஸ் தந்திருந்த படச்சின்னமும் ஒரு காகிதச் சுருள்தான். ஆக, கடிதம் என்று நம்பித் திறந்தவர்கள் தங்கள் முன் இருந்த திரையைத்தான் நம்பினார்கள்.

திறந்ததும் அந்தப் புழு, அவுட்லுக் மென்பொருளின் முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பியது; படக் கோப்புகளின் மேல் தன் படியை எழுதி அவற்றை அழித்தது; கடவுச்சொற்களைத் திருடும் இன்னொரு நிரலை இறக்கவும் முயன்றது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்களவையின் மின்னஞ்சல் அமைப்பே நிறுத்திவைக்கப்பட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் தப்பவில்லை. சில நாட்களுக்குள் கோடிக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அதை உருவாக்கிய ஓனெல் டி குஸ்மான் என்ற மாணவர் மீதான வழக்கு அந்த ஆகஸ்டிலேயே கைவிடப்பட்டது. குற்றம் நடந்தபோது அதைத் தண்டிக்கும் சட்டம் பிலிப்பைன்ஸில் இல்லை, ஜூன் மாதம் அவசரமாக வந்த சட்டமும் முன்தேதியிட்டுச் செல்லாது.

இந்தப் பேரிழப்பு எதிர்பாராதது என்றும் சொல்வதற்கில்லை. 1999 மார்ச்சில் பரவிய 'மெலிசா', வேர்ட் ஆவணத்துக்குள் மறைந்து வந்து, அதே அவுட்லுக் முகவரிப் புத்தகத்திலிருந்து முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பியிருந்தது. எந்த நிரலும் கேட்காமலேயே முகவரிகளை அள்ளலாம் என்பது அப்போதே வெட்டவெளிச்சமாகியும், ஓராண்டுக்கு மேலாக அந்தக் கதவு திறந்தே கிடந்தது. 'ஐ லவ் யூ' தாக்கிய சில வாரங்களில், இயங்கக்கூடிய இணைப்புகளைத் தடுத்து, முகவரிப் புத்தகத்தை வேறொரு நிரல் தொட்டால் எச்சரிக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. சில வாரங்களில் செய்ய முடிந்ததை மெலிசாவுக்குப் பிறகே செய்திருக்கலாம்.

மேக்ரோ விஷயத்தில் தாமதம் இன்னும் கொடியது. மேக்ரோ என்பது ஆவணத்துக்குள் பொதிந்து வைக்கப்படும் சிறு கட்டளைத் தொகுப்பு. மெலிசா அதன் வழியாகவே பரவியது. ஆனால் இணையத்திலிருந்து வரும் ஆபீஸ் ஆவணங்களின் மேக்ரோக்களை ஒரேயடியாகத் தடுக்கும் இயல்பமைப்பு 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட 23 ஆண்டுகளில், 'உள்ளடக்கத்தை அனுமதி' என்ற ஒரு பொத்தானைப் பயனர் தலையில் கட்டிவிட்டு மைக்ரோசாஃப்ட் ஒதுங்கிக்கொண்டது. 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல் துறைகள் சேர்ந்து முடக்கி, அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் தலைதூக்கிய 'இமோடெட்' என்ற தீங்கு நிரல், திருடிய பழைய மடல்களுக்குப் பதில் எழுதுவதுபோல அதே உரையாடலில் நுழைந்து அந்தப் பொத்தானை அழுத்தவைத்தது. நேற்று அனுப்பிய விலைப்பட்டியலுக்குப் பதிலாக வரும் கோப்பைக் கணக்குப் பிரிவு ஊழியர் திறக்காமல் இருந்தால், அவர் தன் வேலையைச் செய்யவில்லை என்றே பொருள்.

கோப்பு நீட்சியை மறைப்பது பயனரின் வசதிக்காகவே என்றும், அதைக் காட்டினால் பெயர் மாற்றும்போது அதையும் அழித்துக் கோப்பைக் கெடுத்துக்கொள்வார்கள் என்றும் வாதிடுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் தவறாக மாற்றிய கோப்புப் பெயரை மறுபடி மாற்றிக்கொள்ளலாம். அழிந்த கோப்புகளையும் திருடுபோன கடவுச்சொற்களையும் அப்படி மீட்க முடியாது. விண்டோஸ் 11இலும் நீட்சி மறைத்தே வைக்கப்பட்டிருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மைக்ரோசாஃப்ட் மாற்றும்வரை காத்திராமல், ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிப் பிரிவும் அந்த அமைப்பைத் தன் எல்லாக் கணினிகளிலும் மையத்திலிருந்தே மாற்றிவிடலாம்.

அனுப்புநர் பெயரும் இப்படித்தான். 2004இல் பரவிய 'மைடூம்' போன்ற புழுக்கள் அனுப்புநர் முகவரியையே பொய்யாக இட்டன. ஒரு மடல் உண்மையில் அந்த முகவரியின் உரிமையாளரால் அனுமதிக்கப்பட்ட வழங்கியிலிருந்துதான் வந்ததா என்று சோதித்து, இல்லையெனில் நிராகரிக்கச் சொல்லும் 'டிமார்க்' என்ற முறை 2012 முதல் இருக்கிறது. மொத்தமாக மடல் அனுப்புவோருக்கு கூகுளும் யாகூவும் 2024இல் அதைக் கட்டாயமாக்கிய பின்னும், ஓர் அரசுத் துறையோ வங்கியோ தன் முகவரியை இவ்வாறு காக்காமல் விட்டிருந்தால், போலி மடல்களை நம்பாதீர்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி அதற்கு இல்லை.

இவற்றால் ஊழியருக்கு எந்தக் கடமையும் இல்லை என்றாகாது. சந்தேகம் எழுந்தால் அனுப்பியவரைத் தொலைபேசியில் கேட்பதும், தவறிச் சொடுக்கிவிட்டால் கணினியை வலையமைப்பிலிருந்து பிரித்துவிட்டு உடனே தகவல் சொல்வதும் அவரிடம் எதிர்பார்க்கத் தக்கவையே. அவர் அப்படிச் சொல்ல வேண்டுமென்றால், சொன்னதற்காக விளக்கக் கடிதம் கேட்கப்படாது என்ற உறுதி அவருக்கு வேண்டும். மத்திய அரசின் கணினி அவசர உதவி அமைப்பான 'செர்ட்-இன்' 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் இத்தகைய சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். பயத்தில் மூடிமறைக்கும் ஊழியர்கள் நிறைந்த அலுவலகத்தில், அந்தக் கெடு தொடங்குவதற்கு முன்பே புழு தன் வேலையை முடித்திருக்கும். ஆகவே தானாக முன்வந்து தெரிவிப்பவர் மீது ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்பதை அரசு அலுவலகங்களும் நிறுவனங்களும் பணி விதிகளிலேயே எழுத்தில் சேர்க்க வேண்டும். காப்புப்படி எடுக்காமலும் மென்பொருளைப் புதுப்பிக்காமலும் விட்ட நிர்வாகத்திடமே விளக்கம் கேட்க வேண்டும்.