தாத்தாவின் சட்டை

மார்கழி பிறந்துவிட்டால் கல்பாக்கத்துக் கடைவாசல்களில் ஒரு தாத்தா வந்து நிற்கிறார். பஞ்சுத் தாடி, பருத்த தொந்தி, சிவப்புக் கம்பளிச் சட்டை. மேல்துண்டையே பாரமாக எண்ணும் நம் கடற்கரையில் அந்தக் கம்பளியைப் பார்த்தாலே நமக்கு வேர்த்துப் போகிறது. “கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு யார் ஸார் இந்தச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள்?” என்று நம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

விடை தேடப் புறப்பட்டால் முதல் தடயம் பக்கத்திலேயே கிடைக்கிறது. சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கட்டிய கோட்டை சிதைந்து நிற்கிறதல்லவா? 17ஆம் நூற்றாண்டில் நம் நெசவாளரின் துணியை நாடி இங்கு வந்த அதே தேசத்தார்தாம், அமெரிக்காவில் நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற பட்டினத்தையும் அமைத்தார்கள். 1664-ல் அது ஆங்கிலேயர் வசமாகி நியூயார்க் ஆயிற்று. ஒல்லாந்துக் குழந்தைகளுக்கு டிசம்பர் 5ஆம் தேதி இரவு பரிசு கொண்டுவருபவர் ‘சின்டர்கிளாஸ்’ என்னும் புனித நிக்கோலாஸ். அந்தப் பெயரே அமெரிக்காவில் ‘ஸாண்டா கிளாஸ்’ என்று மருவியது.

நிக்கோலாஸ் 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரையிலிருந்த மைரா நகரின் பிஷப். மாலுமிகள் அவரைத் தங்கள் காவலராகக் கொண்டாடினார்கள். அவரைப் பற்றி வழங்கும் கதை இது: நொடித்துப்போன ஒருவனுக்கு மூன்று பெண்கள். வரதட்சிணை கொடுக்க வழியில்லை. பெண்களை விற்றுவிடவும் துணிந்துவிட்டான். அப்போது நள்ளிரவில் ஜன்னல் வழியே ஒரு பொன்முடிப்பு வந்து விழுந்தது. மூன்று பெண்களுக்கும் இவ்வாறே மூன்று முடிப்புகள். மறைந்திருந்து பார்த்த தகப்பன் ஓடிப்போய்க் காலில் விழ, “யாரிடமும் சொல்லாதே” என்று கேட்டுக்கொண்டாராம் நிக்கோலாஸ்.

இந்த மெலிந்த துறவிக்குத் தொந்தி வைத்தது அமெரிக்கா. 1823-ல் ஒரு பத்திரிகையில் வெளியான கவிதை அவரைக் குண்டுக் குள்ளராக்கி, எட்டுக் கலைமான்கள் இழுக்கும் பனிவண்டியில் ஏற்றிவிட்டது. 1863-ல், உள்நாட்டு யுத்தத்தின் நடுவே, தாமஸ் நாஸ்ட் என்ற சித்திரக்காரர் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யில் அவருக்குத் தேசக்கொடியையே சட்டையாகப் போட்டு, வடவர் படைமுகாமில் பரிசு வழங்கச் செய்தார். அதுவும் ஒரு சித்திர வாரப் பத்திரிகைதான்! தேசாபிமானம் தாத்தாவையும் விட்டுவைக்கவில்லை. 1931 முதல் ஹாடன் ஸன்ட்ப்ளூம் கொக்கோ கோலா பானத்துக்காக வரைந்த விளம்பரங்கள் அவரை உலகெங்கும் கொண்டுபோயின. சிவப்பு நிறத்தைக் கொடுத்ததே அந்தக் கம்பெனி என்பார்கள்; அது தவறு. சிவப்புச் சட்டை முன்னமே இருந்தது. கம்பெனி அதை நிலைக்கச் செய்தது.

இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டாம். லக்ஷ்மியும் ஸரஸ்வதியும் இன்ன கோலத்தில்தான் இருப்பார்கள் என்று நம் கண்களைப் பழக்கியதில், 1894-ல் தொடங்கிய ரவிவர்மாவின் அச்சுக்கூடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உருவங்களை மனிதர்களே தீட்டுகிறார்கள். மாறுவதில் பிழையில்லை, மாறும்போது எது உதிர்ந்து போகிறது என்பதையே கவனிக்க வேண்டும்.

இங்கே உதிர்ந்தவை மூன்று பொன்முடிப்புகள். கதையில் அவர், பெண்ணைப் பெற்றவன் தலைகுனியாதபடி இருட்டில் கொடுத்தார். இன்று கடைவாசலில், வெளிச்சத்தில், எதையாவது வாங்கச் சொல்லி நம்மை அழைக்கிறார்.

கேள்வி கேட்ட மாணவிக்கு இவ்வளவையும் சொன்னோம். அவள் சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, “எங்கள் வீட்டிலும் அப்பா பவுன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார், ஸார்” என்றாள். வரதட்சிணையைத் தடுக்கச் சட்டம் வந்தது 1961-ல். நம் வீடுகளுக்குள் அது இன்னும் நுழைந்தபாடில்லை. அந்தத் தகப்பனுக்கு ஜன்னல் வழியே முடிப்பு வந்து விழப்போவதில்லை. பிள்ளையைப் பெற்றவர்கள் “ஒன்றும் வேண்டாம்” என்று சொன்னால், அதுவே அவர் வீட்டில் விழும் பொன்முடிப்பு. அதைக் கொடுக்கச் சிவப்புச் சட்டை தேவையில்லை.