போடி மில்லர் அப்படி எதை வீணடிச்சுட்டாரு?

முதல்ல ஒண்ணு. பேரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. அந்த அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் பேரை உச்சரிக்கிறதே 'போடி'னுதான். சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப விஷயத்துக்கு வருவோம்.

இவர் பேச்சு வந்தாலே சில பேர் உச்சு கொட்டுவாங்க. "பயங்கரத் திறமைங்க, ஆனா வீணடிச்சுட்டாரு." எனக்கு அப்ப வர்ற எரிச்சல் இருக்கே...

ஆதாரமா இவங்க காட்டுறது 2006 டுரின் ஒலிம்பிக். அதுக்கு முன்னாடி டைம், நியூஸ்வீக் ரெண்டு அட்டையிலும் இவர் முகம்தான். கலந்துக்கிட்டது அஞ்சு போட்டி. டவுன்ஹில்லில் அஞ்சாவது இடம். ஜயன்ட் ஸ்லாலத்தில் ஆறாவது. டவுன்ஹில்லும் ஸ்லாலமும் சேர்ந்த கம்பைன்டில், டவுன்ஹில் முடிஞ்சப்ப இவர்தான் முதல். ஸ்லாலத்தில் ஒரு கம்பத்தின் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கால் போய், தகுதி நீக்கம். மிச்ச ரெண்டிலும் முடிவுக்கோட்டைத் தொடவே இல்லை. பதக்கம்? முட்டை. போதாக்குறைக்கு, மனுஷன் அழவும் இல்லை, ஊர்ல ஜாலியாத்தான் இருந்தேன்னுட்டார். தலையில் தூக்கி வச்சு ஆடினவங்களே கீழே போட்டு மிதிச்சாங்க.

சரி, ஒலிம்பிக்ங்கிறது ரெண்டு வாரம். உலகக் கோப்பைங்கிறது ஒரு குளிர்காலம் முழுக்க, மலை மலையாப் போய், ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளி சேர்த்து எடுக்கிறது. அதன் ஒட்டுமொத்தப் பட்டத்தை 1983ல் ஃபில் மாருக்கு அப்புறம் எந்த அமெரிக்க ஆணும் வாங்கலை. 2005ல் வாங்கினது யாரு? இந்த 'வீணாப்போன' ஆளுதான். 2007ல் தேசிய அணியை விட்டு வெளியேறி, தனியா ஒரு குழுவை வச்சுக்கிட்டு, 2008ல் மறுபடியும் வாங்கினார். உலகக் கோப்பையில் மொத்தம் 33 வெற்றி. அஞ்சு வகைப் போட்டியிலும் ஜெயிச்சவங்களை உலகத்துலயே விரல் விட்டு எண்ணிடலாம். அதில் இவரும் ஒருத்தர்.

"கொஞ்சம் நிதானமா வந்திருந்தா டுரின்ல ரெண்டு பதக்கமாவது..." இதுதான் அடுத்த வாதம். 2005 உலகச் சாம்பியன்ஷிப், இத்தாலியின் போர்மியோ. கம்பைன்டின் டவுன்ஹில்லில் ஒரு ஸ்கீ கழண்டு போச்சு. வேற யாரா இருந்தாலும் நிறுத்தியிருப்பாங்க. இவர் ஒத்தைக் காலில் சறுக்கிக்கிட்டே போனார்! அதே போர்மியோவில் டவுன்ஹில், சூப்பர்-ஜி ரெண்டிலும் தங்கம். அந்த வேகம்தான் தங்கம் தந்தது, அதே வேகம்தான் டுரின்ல காலை வாரினது. ஒண்ணை மட்டும் தனியா எடுத்துக்கிட்டு இன்னொண்ணு வேணாம்னா எப்படி?

குடிபோதையில பந்தயத்துக்குப் போறது பத்தி 2006 ஜனவரியில் டிவி பேட்டியில் உளறினாரே, அது? அதுக்கு நான் வக்காலத்து வாங்கலை. முட்டாள்தனமான பேச்சு. அவரே மன்னிப்பும் கேட்டார். ஆனா அந்தக் கோபத்தை எடுத்துட்டு வந்து அவர் திறமைக் கணக்குல எழுதக்கூடாது. ஜனங்களுக்கு உண்மையில் பொறுக்காதது ஒண்ணுதான்: தோத்துட்டு மூஞ்சியத் தொங்கப்போடலை.

இதே டிவிக்காரங்க 2014 சோச்சியில் என்ன செஞ்சாங்க? 36 வயசுல சூப்பர்-ஜியில் வெண்கலம் எடுத்துட்டு நிக்கிறார். 2013ல்தான் தம்பி செலோன் இறந்து போயிருந்தார். அதைப் பத்தியே திருப்பித் திருப்பிக் கேள்வி, மனுஷன் பேச முடியாம உடைஞ்சு குனிஞ்சு உட்கார்ற வரைக்கும். பார்த்தவங்க கொதிச்சுப் போனாங்க. அப்பவும் இவர், பேட்டி எடுத்தவரைத் திட்டாதீங்கன்னார். 2006ல் இவருக்கு அக்கறையே இல்லைன்னு எழுதினாங்களே, கேமரா முன்னாடி கண்ணீராக் கொட்டினாத்தான் அக்கறையா?

ஒலிம்பிக் கணக்கையும் முடிச்சிடலாம். 2002ல் ரெண்டு வெள்ளி. 2010 வான்கூவரில் தங்கம், வெள்ளி, வெண்கலம் ஒவ்வொண்ணு. 2014ல் அந்த வெண்கலம். ஆக ஆறு. ஆல்பைன் பனிச்சறுக்கில் எந்த அமெரிக்க ஆணும் இதுக்கு மேல வாங்கினதில்லை.

அடுத்த தடவை யாராவது உச்சு கொட்டினா இந்தக் கணக்கை எடுத்து நீட்டுங்க. அதுக்கப்புறமும் வீணுன்னு சொன்னா, வீணாகாத திறமைன்னா எப்படி இருக்கும்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க. நானும் கேட்டுக்கறேன்.