631 எதிலிருந்து வந்தது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைமைச் செயல் அலுவலர் அவர்களுக்கு, காஞ்சிபுரம் மாவட்டம் ஐயங்கார்குளத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பொட்டல உணவு சைவமா என்று அறிய உறையில் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, பச்சைச் சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளி. மற்றது, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியல். புள்ளி எல்லோருக்கும் புரிகிறது. பட்டியல் படித்தவருக்கும் புரிவதில்லை.

பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் மசாலா சிப்ஸ் உறைகள் பலவற்றில் சுவைகூட்டி என்ற பெயரில் 627, 631 என்னும் எண்கள் இருக்கும். 631 என்பது டைசோடியம் இனோசினேட். அதை மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ எடுக்கலாம். மரவள்ளி மாவை நொதிக்கவைத்தும் தயாரிக்கலாம். ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் சேரும் 471 பாமாயிலிலிருந்தும் வரும், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரும். எப்படி வந்தாலும் எண் ஒன்றுதான்.

சோதனைக்கூடமும் இங்கே அதிகம் உதவாது. சுத்திகரித்த இனோசினேட் எதிலிருந்து வந்தாலும் ஒரே மூலக்கூறு. வழக்கமான ஆய்வில் வேறுபாடு தெரியாது. உண்மை இருப்பது ஆலையின் கொள்முதல் ஆவணத்தில். அதைப் பார்க்காதவரை பச்சைப் புள்ளி உற்பத்தியாளரின் வாக்குமூலம் மட்டுமே.

ராம் கௌ ரக்ஷா தளம் என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில் 2021 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. குறியீட்டு எண் மட்டும் போதாது. சேர்மானம் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் உருவானதா என்பதையும் தெரிவிக்க வேண்டும். விலங்கிலிருந்து வந்தது எத்தனை சிறிய அளவில் கலந்தாலும் அந்த உணவு அசைவமே. எண்ணோடு நின்றுவிடும் உறைகள் இன்றும் விற்பனையில் இருப்பது வருத்தத்துக்குரியது.

அசைவம் எது என்னும் விதிமுறை வரையறையிலும் ஓர் இடைவெளி உண்டு. பால், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவை அசைவக் கணக்கில் வருவதில்லை. மிட்டாய்க்குப் பளபளப்பு தரும் 904 அரக்குப்பூச்சி சுரக்கும் பிசின். ஆயினும் அந்த மிட்டாய்க்குப் பச்சைப் புள்ளி கிடைக்கும். காஞ்சியை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் பழைமையான கோயில்களை உடைய சமணம் கள், ஊனுடன் தேனையும் விலக்கச் சொல்லும் நெறி. தேன் சேர்த்த பிஸ்கட்டின் பச்சைப் புள்ளி அந்நெறியில் நிற்பவருக்கு எதையும் சொல்வதில்லை.

மொழி இதைவிடப் பெரிய தடை. விதிமுறைப்படி கட்டாயத் தகவல்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ இருந்தால் போதும். தமிழில் அச்சிடுவது உற்பத்தியாளர் விருப்பம். சித்ரா பௌர்ணமியன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளும்போது கூட்டம் திரள்கிறது. அக்கூட்டத்தில் பேரனுக்குப் பொட்டலம் வாங்கித் தரும் பாட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தாலும் உறையின் பின்பக்கம் உதவாது.

நிறக்குருடு உள்ளவர்களும் பிரித்தறிய அசைவக் குறியின் வட்டத்தை முக்கோணமாக்கியது ஆணையத்தின் 2020 விதிமுறை. நல்ல மாற்றம் அது. அதே அக்கறை பட்டியலுக்கும் வர வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் தாவரம், விலங்கு, பூச்சி, ஆய்வகம் என ஒரே ஒரு சொல் போதும். அச்சொல் விற்பனையாகும் மாநிலத்தின் மொழியிலும் இருக்க வேண்டும். ஆலை ஆய்வின்போது சேர்மானங்களின் கொள்முதல் ஆவணத்தைப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும். உறையிலுள்ள நுகர்வோர் முகவரிக்குத் தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்பவருக்கு உற்பத்தியாளர் எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்பதையும் விதியிலேயே வரையறுக்க வேண்டும்.