சும்மா இருக்கக் காரணம் எதற்கு?

‘தினமும் பத்து நிமிஷம் எதுவும் செய்யாமல் உட்காருங்கள். மூளை புத்துணர்ச்சி பெறும், கவனம் கூடும், அடுத்த நாள் வேலை பறக்கும்.’ இந்த உபதேசத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. சும்மா இருப்பதையும் வேலைக்கான முதலீடாக மாற்றிவிட்டார்கள். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். சர்வரை ரீஸ்டார்ட் செய்வது அது மறுபடி ஒழுங்காக ஓடவேண்டும் என்பதற்காக. மனுஷனுக்கும் அதே கணக்கா?

திருச்சியில் இருந்துகொண்டு இதைக் கேட்டுத் தலையாட்டுவது இன்னும் கொடுமை. மலைக்கோட்டைச் சிவன் பெயரைத் தாங்கிய தாயுமானவர் நாயக்கர் அரசில் உத்தியோகம் பார்த்தவர் என்கிறது மரபு. அவர் சேவகம் செய்ததாகச் சொல்லப்படும் விஜயரங்க சொக்கநாதர், 1732இல் இறந்தவர், இன்றும் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் குடும்பத்தோடு சிலையாகக் கைகூப்பி நிற்கிறார். அதிகாரி உத்தியோகத்தை விட்டுக் கிளம்பிவிட்டார். மௌனகுரு அவரிடம் சொன்னது ‘சும்மா இரு’. அதனால் கணக்கு வேலை சுறுசுறுப்பாக நடக்கும் என்று குரு ஆசை காட்டவில்லை. மதயானையை அடக்குவதைவிடக் கஷ்டமான காரியம் என்றுதான் சீடரும் பாடிவைத்தார்.

சரி, இனி ‘அந்தக் காலத்துத் திண்ணை போச்சே’ என்று நான் புலம்பப் போகிறேன் என நினைப்பீர்கள். இல்லை. உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் மிச்சமிருக்கும் திண்ணைகளுக்குக் கம்பிக்கதவு போட்டு பைக் நிறுத்தியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் வெற்றிலை போட்டபடி மாமாக்கள் அங்கே ஊர்க்கதை பேசிய அந்த மத்தியானங்களில், உள்ளே மாமி என்ன செய்துகொண்டிருந்தார்? பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைத்தான் ‘வீட்ல சும்மா இருக்கா’ என்றார்கள். தமிழில் இந்தச் சொல்லுக்கு நடந்த பெரிய அநியாயம் இது. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97. மீதி எங்கே போகிறது? அம்மா மண்டபப் படித்துறையில் நான் காவிரியைப் பார்த்துக்கொண்டு உட்காரும் ஒரு மணி நேரம் அந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது.

ஆகவே எனக்கு நன்மைகளின் பட்டியல் வேண்டாம். நேரம் யாருக்கு இருக்கிறது, யாரிடமிருந்து பிடுங்கப்படுகிறது என்பதுதான் பேச்சு. என்.எஸ்.பி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய வாரம் போய்ப் பாருங்கள். புடவையை விரித்துக் காட்டும் பெண் எத்தனை மணி நேரமாக நிற்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 2021இல். கேரளா 2018லேயே செய்துவிட்டது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! சிரிப்பு வரும், ஆனால் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று விற்கப்படும் எல்லாவற்றையும்விட இந்த ஒரு ஸ்டூல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூட்டம் இல்லாதபோதும் ‘சும்மா நிக்காத, மடிச்சு வை’ என்கிற குரலுக்கு முன்னால் அதில் யார் உட்காருவார்கள் என்பது வேறு விஷயம்.

அதே சட்டமன்றம்தான் 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலை 12 மணி நேரம் வரை போக வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. வாரத்துக்கு மூன்று நாள் லீவு கிடைக்குமே என்று சமாதானம் சொன்னார்கள். பன்னிரண்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றவருக்கு ஐந்தாவது நாள் தூக்கம்தான் மிஞ்சும். ஓய்வு வேறு, மயங்கி விழுவது வேறு. தொழிற்சங்கங்கள் விடவில்லை, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மே 1 அன்று மசோதா வாபஸ். சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றைக்குச் சரியாக 100 வருஷம்.

நம் ஐ.டி. ஆட்கள் இதையெல்லாம் ‘ஃபேக்டரி மேட்டர்’ என்று ஸ்க்ரோல் செய்து போனோம். பிறகு 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் என்றார், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 என்றார். மீம் போட்டோம், லாகின் செய்தோம். ராத்திரி பத்தரைக்கு வரும் ‘குயிக் கால்’ ஒன்றுக்கு ‘இப்ப முடியாது’ என்று சொன்னால், அடுத்து ‘ஏன், என்ன பண்றீங்க?’ என்று கேட்பார்கள். ‘சும்மா இருக்கேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.